துசிடிடீஸா, சோஃபக்ளீஸா, யூரிப்பிடீஸா: மானமும் பேச்சும் அதிகாரமும் மோதும் கிரேக்கத்தை எங்கே தொடங்குவது?

கிரேக்கச் செவ்விலக்கியம் படிக்கலாம் என்று கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் ஒரே முச்சந்தியில் நின்றுவிடுகிறார்கள். வரலாற்றை எடுப்பதா, துன்பியல் நாடகத்தை எடுப்பதா? அரசியலில் ஊறிய நண்பர் வரலாற்றாசிரியர் துசிடிடீஸைப் படி என்கிறார். நாடகக்காரரோ சோஃபக்ளீஸும் யூரிப்பிடீஸும் இல்லாமல் என்ன கிரேக்கம் என்று கேட்கிறார். இரண்டையும் வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு, எதிலும் முப்பது பக்கம் தாண்டாமல் விட்டவர்கள் நிறையப் பேர். அவர்களுக்காகவும், நாலைந்து பேர் சேர்ந்து படிக்க ஒரு நூலைத் தேடும் வாசகர் வட்டங்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

ஏதென்ஸில் வரலாற்றுக்கும் நாடகத்துக்கும் ஒரே கூட்டம்தான். நிக்ஸ் குன்றில் கூடிக் கைதூக்கிப் போருக்கும் சாவுக்கும் ஓட்டுப்போட்ட குடிமக்கள்தான் டயோனிசஸ் அரங்கில் உட்கார்ந்து நாடகம் பார்த்தார்கள். துன்பியல் நாடகங்கள் தொடங்குவதற்கு முன், கீழ்ப்பட்ட நகரங்கள் கட்டிய கப்பம் அந்த அரங்கிலேயே காட்சிக்கு வைக்கப்பட்டது. போரில் தகப்பனை இழந்து அரசின் செலவில் வளர்ந்த பிள்ளைகள் போர்க்கவசம் பூட்டி அங்கே அணிவகுத்தார்கள். அதனால் எதைத் தேர்ந்தெடுத்தாலும் நீங்கள் போய்ச் சேர்வது ஒரே ஊருக்குத்தான். நுழையும் வாசலைத்தான் இப்போது முடிவு செய்ய வேண்டும்.

## எதை வைத்து அளக்கிறேன்

முதல் அளவுகோல்: மானம், பேச்சு, அதிகாரம் மூன்றும் ஒரே காட்சியில் மோத வேண்டும். தனித்தனியாக வந்தால் போதாது. கி.மு. 432-ல் ஸ்பார்ட்டாவில் பேசிய ஏதென்ஸ் தூதர்கள், தங்கள் பேரரசைக் கைவிட முடியாமல் போனதற்கு மூன்று காரணம் சொன்னதாகத் துசிடிடீஸ் எழுதுகிறார்: பயம், மானம், ஆதாயம். இந்த மூன்றில் எது பேசுகிறது, எது ஒளிந்துகொள்கிறது என்று பார்க்கக் கற்றுத்தருவதுதான் நல்ல தொடக்கநூல்.

இரண்டாவது, முன்னறிவு எவ்வளவு வேண்டும். மூன்றாவது, நேரம். நான்காவது, தோற்றவரின் குரல் நூலில் கேட்கிறதா. ஐந்தாவது, வாய்விட்டுப் படிக்கத் தோதா. கடைசியாகச் சொன்னதைப் பலர் பொருட்படுத்துவதில்லை. ஆனால் இவை எல்லாமே காதுக்காக உருவானவை. நாடகம் மட்டுமல்ல, துசிடிடீஸின் உரைகளும் அப்படித்தான்.

## துசிடிடீஸ்: சபையில் ஒரு நாள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என் தேர்வு இதுதான். ஆனால் முதல் பக்கத்திலிருந்து அல்ல. எட்டுப் பகுதிகள் கொண்ட நூல் அது. கி.மு. 431-ல் தொடங்கிய ஏதென்ஸ்–ஸ்பார்ட்டா போரைச் சொல்லிக்கொண்டே வந்து, கி.மு. 411-ஐச் சொல்லும்போது பாதியில் அறுந்துபோகிறது. எடுத்த எடுப்பில் முதல் பகுதியில் இறங்கினால் பழைய கடற்படைகளும் ஊர்ப்பெயர்களும் ஆளை அமுக்கிவிடும். மூன்றாம் பகுதியைத் திறந்து 36 முதல் 50 வரையுள்ள பதினைந்து அத்தியாயங்களை மட்டும் படியுங்கள். அதுதான் மிட்டிலினி விவாதம்.

லெஸ்பாஸ் தீவிலுள்ள மிட்டிலினி நகரம் கி.மு. 428-ல் ஏதென்ஸுக்கு எதிராகக் கிளர்ந்தது, அடுத்த ஆண்டு பணிந்தது. ஏதென்ஸ் மக்கள் சபை ஆத்திரத்தில் தீர்மானம் போட்டது: வயதுவந்த ஆண்கள் அத்தனை பேரையும் கொல்வது, பெண்களையும் குழந்தைகளையும் அடிமையாக்குவது. ஆணையைச் சுமந்துகொண்டு கப்பலும் கிளம்பிவிட்டது. மறுநாள் ஜனங்களுக்கு மனசு உறுத்தியது. சபை திரும்பக் கூடியது.

கிளியோன் எழுந்து, தீர்மானத்தை மாற்றக் கூடாது என்கிறான். மக்களாட்சிக்குப் பிறரை ஆளும் தெம்பு கிடையாது என்று அந்த மக்களின் முகத்துக்கு நேராகவே சொல்கிறான். உங்கள் பேரரசு ஒரு கொடுங்கோன்மை, அதை இரக்கத்தால் காப்பாற்ற முடியாது என்கிறான். நீங்கள் பேச்சை வேடிக்கை பார்க்கும் கூட்டமாகிவிட்டீர்கள், சொற்பொழிவைச் சுவைக்க வந்தவர்கள் மாதிரி உட்கார்ந்திருக்கிறீர்கள் என்றும் திட்டுகிறான். பேச்சுக்கு மயங்காதே என்று எச்சரிக்கிற அந்த உரை, அந்நாளில் ஜனங்களிடம் மிக எடுபட்ட பேச்சாளன் என்று துசிடிடீஸே குறிப்பிடும் மனிதனின் உரை.

பதில் சொல்ல வருபவன் டையோடோட்டஸ். நூலில் வேறெங்கும் அவன் இல்லை. இரக்கம் காட்டுங்கள் என்று அவன் கேட்பதில்லை. அவர்கள் குற்றவாளிகளா என்பது நம் பேச்சல்ல, நமக்கு எது லாபம் என்பதுதான் பேச்சு என்கிறான். பணிந்தாலும் சாவுதான் என்று தெரிந்தால், இனிமேல் கிளர்ந்தெழும் எந்த நகரமும் கடைசிவரை சண்டை போடும், நமக்குத்தான் செலவு என்று கணக்குக் காட்டுகிறான். நடுவில் ஒரு வரி வருகிறது: இந்தச் சபையில் சந்தேகம் அவ்வளவு முற்றிவிட்டது, கெட்ட யோசனை சொல்பவனைப் போலவே நல்ல யோசனை சொல்பவனும் பொய் சொன்னால்தான் நம்பப்படுவான். இதைப் படித்தபின் அவன் வாதம் முழுவதையும் மறுபடி பார்க்கத் தோன்றும். ஆதாயக் கணக்குக்குப் பின்னால் அவன் இரக்கத்தை ஒளித்துவைத்திருக்கிறானா? நூல் பதில் தருவதில்லை. ஒரு வாசகர் வட்டத்துக்கு இரண்டு மணிநேரத்துக்கு இந்த ஒரு கேள்வியே போதும்.

கை தூக்கினார்கள். ஏறக்குறைய சரிசமம். டையோடோட்டஸ் பக்கம் மயிரிழையில் வென்றது. இரண்டாவது கப்பல் கிளம்பியபோது முதல் கப்பலுக்கு ஒரு பகலும் ஓர் இரவும் முன்தூரம் இருந்தது. மிட்டிலினித் தூதர்கள் துடுப்புக்காரர்களுக்கு ஒயினும் வாற்கோதுமை மாவும் கொடுத்தார்கள். அவர்கள் துடுப்பைக் கீழே வைக்காமலே ஒயினிலும் எண்ணெயிலும் பிசைந்த மாவைத் தின்று, முறைபோட்டுத் தூங்கி வலித்தார்கள். முதல் கப்பலோ இப்படிப்பட்ட வேலைக்குப் போகிறோமே என்று மெல்லத்தான் போனது. தளபதி பாக்கீஸ் முதல் ஆணையைப் படித்து நிறைவேற்றத் தொடங்கும் நேரத்தில் இரண்டாவது கப்பல் கரை சேர்ந்தது.

நகரம் தப்பியது என்று மூச்சுவிடும்போதே அடுத்த அத்தியாயம் வருகிறது. கிளர்ச்சிக்குப் பொறுப்பென்று ஏதென்ஸுக்கு அனுப்பப்பட்டிருந்த ஆயிரத்துக்கும் சற்று அதிகமான பேர் கிளியோனின் தீர்மானப்படி கொல்லப்பட்டார்கள். டையோடோட்டஸின் வெற்றிக்கு எல்லை அதுவரைதான்.

மறைந்திருக்கும் விலை. உரைகள் சபைக்குறிப்பு அல்ல. பேசப்பட்டதன் மொத்தக் கருத்துக்கு நெருக்கமாக நின்று, அந்தச் சூழலுக்கு எது பொருந்துமோ அதைப் பேசவைத்தேன் என்று துசிடிடீஸே முதல் பகுதியில் சொல்லிவிடுகிறார். கிளியோன்மேல் அவருக்கு இருந்த வெறுப்பும் மறைவில்லை. அவரும் அந்த அரசியலுக்குள் இருந்தவர். கி.மு. 424-ல் தளபதியாக இருந்து ஆம்ஃபிபோலிஸ் நகரத்தைக் காப்பாற்றத் தவறி, இருபது ஆண்டு ஊருக்குத் திரும்ப முடியாமல் வெளியே கிடந்தவர். இன்னொரு விலை இதைவிடப் பெரியது. யாருடைய தலைவிதிக்காக ஓட்டு நடக்கிறதோ அந்தப் பெண்களும் குழந்தைகளும் வாயே திறப்பதில்லை. அவர்கள் தீர்மானத்தில் ஒரு சொல், அவ்வளவுதான்.

மெலோஸ் உரையாடலில் ஏன் தொடங்கக் கூடாது. பலரும் பரிந்துரைப்பது ஐந்தாம் பகுதியில் வரும் அதைத்தான். கி.மு. 416, ஒதுங்கியிருக்க விரும்பிய சின்னத் தீவு, வாசலில் ஏதென்ஸ் கப்பல்படை. வலியவர் முடிந்ததைச் செய்வார், எளியவர் பணிந்துபோவார் என்ற புகழ்பெற்ற வாதம் அங்கேதான் வருகிறது. அதைத் துசிடிடீஸின் சொந்தக் கருத்தாக மேற்கோள் காட்டுபவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். அது பேரம்பேச வந்த ஏதென்ஸ் தூதர்களின் வாய்ச்சொல். மானம் மானம் என்று நினைத்து அழிந்தவர்கள் பலர் என்று மெலோஸ்காரர்களுக்குப் புத்தி சொல்வதும் அதே வாய்தான். முடிவில் மெலோஸ் ஆண்கள் கொல்லப்பட்டு, பெண்களும் குழந்தைகளும் அடிமைகளானார்கள். மிட்டிலினியில் தப்பியது இங்கே தப்பவில்லை. மெலோஸை முதலில் படித்தால் யார் பக்கம் நிற்பது என்று யோசிக்கவே வேண்டியதில்லை. மிட்டிலினியில் யோசிக்காமல் முடியாது. அதனால் மெலோஸ் இரண்டாவதாக வரட்டும்.

## சோஃபக்ளீஸ்: ஒரே ஒரு நாள் வெட்கத்தை விடு

சோஃபக்ளீஸ் நாடகங்களில் எதை என்று கேட்டால் பெரும்பாலோர் ‘அன்டிகோனி’ என்பார்கள். இந்தத் தலைப்புக்கு நான் ‘ஃபிலொக்டீட்டிஸ்’ நாடகத்தையே கையில் கொடுப்பேன். அரசன் தடுத்தும் அண்ணன் பிணத்தைப் புதைக்கத் துணியும் அன்டிகோனியின் பக்கம் நாம் நாடகம் தொடங்குமுன்பே சேர்ந்துவிடுகிறோம். ஃபிலொக்டீட்டிஸில் ஓர் இளைஞன் நம் கண்ணெதிரே கெட்டுப்போய், நம் கண்ணெதிரே திரும்பி வருகிறான்.

மேடையேறியது கி.மு. 409, முதல் பரிசு. காலில் பாம்பு கடித்து ஆறாத புண்ணோடு ஃபிலொக்டீட்டிஸை லெம்னாஸ் தீவில் கிரேக்கர்களே விட்டுவிட்டுப் போய்ப் பத்தாவது ஆண்டு. இப்போது கிரேக்கர்கள் முற்றுகையிட்டிருக்கும் டிராய் நகரம் விழ அவனும் அவன் கையிலுள்ள ஹெராக்ளீஸின் வில்லும் தேவை. தந்திரக்காரன் ஒடிசியஸ், செத்துப்போன கிரேக்கப் பெருவீரன் அக்கிலீஸின் மகன் நியோப்டோலமஸைக் கூட்டிக்கொண்டு வருகிறான். பேசிப் பணியவைக்க முடியாது, பலத்தால் இழுக்கவும் முடியாது, பொய்தான் வழி என்று பையனுக்குச் சொல்லிக்கொடுக்கிறான். கேவலமாக வெல்வதைவிட மானத்தோடு தோற்கிறேன் என்று பையன் முரண்டுபிடிக்கும்போது ஒடிசியஸ் சொல்வதன் சாரம் இது: ஒரு நாளின் சிறு பொழுதுக்கு மட்டும் வெட்கத்தை விட்டு உன்னை என்னிடம் கொடு, மிச்ச வாழ்நாள் முழுக்க உலகத்திலேயே நல்லவன் என்று பெயரெடுத்துக்கொள். நானும் உன் வயதில் நாக்கை அடக்கிக் கையை நம்பினேன், அனுபவத்தில் பார்த்தால் எதையும் நடத்துவது நாக்குதான்.

பொய் பலிக்கிறது. வலி வந்து துடிக்கும்போது ஃபிலொக்டீட்டிஸ் நம்பிக்கையோடு வில்லைப் பையன் கையில் கொடுக்கிறான். அதற்குப் பிறகு பையனால் தாங்க முடியவில்லை. திருப்பிக் கொடுத்துவிடுகிறான். பிறகு உண்மையாக, அன்பாக, காரணங்களோடு வா என்று அழைக்கிறான். நாடகத்தின் உச்சம் எனக்கு அதுதான்: நேர்மையான அந்தப் பேச்சு எடுபடுவதில்லை. ஒரு தடவை ஏமாந்த காது அதைக் கேட்க மறுக்கிறது.

மறைந்திருக்கும் விலை. முடிவில் ஹெராக்ளீஸ் தெய்வமாக வந்து எல்லாவற்றையும் தீர்த்துவைப்பது முதல் வாசிப்பில் ஏமாற்றமாக இருக்கும். மனிதப் பேச்சால் முடியாத இடத்தில்தான் தெய்வம் இறக்கப்படுகிறது என்று பிடிபட இரண்டாம் வாசிப்பு வேண்டும். இன்னொன்று, ஐரிஷ் கவிஞர் ஷேமஸ் ஹீனி 1990-ல் இதைத் ‘த க்யூர் அட் டிராய்’ என்று எழுதினார். நம்பிக்கையும் வரலாறும் இயைவதைப் பற்றித் தலைவர்கள் மேடையில் எடுத்துச்சொல்லும் வரிகள் ஹீனி சேர்த்தவை, சோஃபக்ளீஸில் இல்லை. முதல் வாசிப்புக்கு நேரான மொழிபெயர்ப்பையே எடுங்கள்.

மானம் மட்டுமே உங்களைச் சுடும் கேள்வி என்றால் அவருடைய ‘ஏஜாக்ஸ்’ இன்னும் பொருத்தம். அக்கிலீஸின் ஆயுதங்கள் தனக்குக் கிடைக்காத அவமானத்தில், எதிரிகள் என்று நினைத்து ஆடுமாடுகளை வெட்டிவிட்டுத் தெளிந்து, டிராய் வீரன் ஹெக்டர் பரிசளித்த வாளிலேயே பாய்ந்து சாகும் வீரனின் கதை. நாடகத்தின் பிற்பாதி முழுக்க அவன் பிணத்தைப் புதைக்கலாமா என்ற வழக்குத்தான். புதைக்க விடு என்று கிரேக்கப் படைத்தலைவன் அகமெம்னனைச் சம்மதிக்கவைப்பவன் ஏஜாக்ஸின் பரம எதிரி ஒடிசியஸ்.

## யூரிப்பிடீஸ்: கையில் ஒன்றுமில்லாதவளின் பேச்சு

துசிடிடீஸிடம் வாய் திறக்காதவர்கள் இங்கே பேசுகிறார்கள். ‘ஹெக்யூபா’ கி.மு. 420களின் நாடகம், அதாவது மிட்டிலினி விவாதம் ஊர் மனசில் பழசாகாத காலம். டிராய் விழுந்துவிட்டது. ராணியாக இருந்த ஹெக்யூபா இப்போது அடிமை. அவள் மகள் பாலிக்ஸினாவை அக்கிலீஸின் கல்லறையில் பலியிட கிரேக்கப் படை முடிவெடுத்து, கூட்டிப்போக ஒடிசியஸ் வருகிறான்.

ஒருகாலத்தில் நீ கந்தலோடு வேவு பார்க்க வந்து மாட்டிக்கொண்டாய், என் காலைப் பிடித்தாய், நான் உன்னை விட்டேனா இல்லையா என்று ஹெக்யூபா கேட்கிறாள். விட்டாய் என்று ஒத்துக்கொள்கிறான். உன்னைக் காப்பாற்றுகிறேன், உன் மகளை அல்ல என்கிறான். செத்த வீரனுக்கு மரியாதை செய்யாத படைக்காக அடுத்த தடவை யார் உயிரைக் கொடுப்பான் என்பது அவன் வாதம். கேட்க நியாயமாகவே இருக்கும், அதுதான் பயங்கரம். அப்போது பாலிக்ஸினா ஒன்றைக் கவனிக்கிறாள். ஒடிசியஸ் வலது கையை மேலங்கிக்குள் ஒளித்து, முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். தாடையைத் தொட்டுக் கெஞ்சிவிட்டால் கிரேக்க வழக்கப்படி மறுப்பது பாவம் என்பதால் அந்தப் பயம். பயப்படாதே, நான் வருகிறேன் என்று அவளே எழுந்து நடக்கிறாள்.

அதற்கப்புறம் கடைசி மகனும் விருந்தோம்பியவன் கையாலேயே செத்தான் என்று தெரிகிறது. ஹெக்யூபா அகமெம்னனிடம் நியாயம் கேட்கிறாள். சட்டம், தெய்வம் என்று சொல்லிப் பார்க்கிறாள், அவன் நழுவுகிறான். அந்த இடத்தில் அவள் சொல்கிறாள்: மனிதரை ஆளும் ஒரே அரசு பேச்சுத்திறன்தான், எதையெதையோ காசு கொடுத்துக் கற்கிறோமே, அதை ஏன் கற்காமல் விட்டோம்? பிறகு தன் மகள் கஸாண்ட்ரா அவன் படுக்கையில் இருப்பதையே வாதமாக எடுத்துவைக்கிறாள். படிக்கும்போது கை நடுங்கும். கடைசியில், மகனைக் கொன்ற பாலிமெஸ்டரைக் குருடாக்கி, அவன் பிள்ளைகளைக் கொன்றுவிட்டு, வழக்கில் நின்று அதே ஹெக்யூபா சொல்வது: செயலைவிட நாக்குக்குப் பலம் இருக்கவே கூடாது.

மறைந்திருக்கும் விலை. மனசுக்கு ஏற்படும் பாரம்தான். பிள்ளைச் சாவு நடந்த வீட்டில் இதை இப்போது கொடுக்காதீர்கள். நாடகம் இரண்டாக உடைந்திருப்பதாகவும் தோன்றும். முன்பாதி மகளின் சாவு, பின்பாதி பழிவாங்கல். இதற்குப் பதிலாக ‘டிராய் பெண்க’ளை எடுக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அது கி.மு. 415 வசந்தத்தில், மெலோஸ் விழுந்த சில மாதங்களில் மேடையேறி இரண்டாம் பரிசு பெற்றது. அதனால் மெலோஸுக்கான கண்டனம் என்றே அதைப் பலர் படிக்கிறார்கள். நாடகம் எழுதிப் பயிற்சி கொடுக்க ஆகும் காலத்தைப் பார்த்தால் அது அவ்வளவு உறுதியில்லை. அறிஞர்களிடம் ஒருமித்த கருத்தும் இல்லை. அழுகைக்கு அது, வாதத்துக்கு ‘ஹெக்யூபா’.

## ரோம் பக்கம் போகலாமா?

சுருக்கமாகச் சொன்னால், முதல் நூலாக வேண்டாம். புளூட்டார்க் எழுதிய, ரோமானிய வீரன் கொரியோலானஸின் வாழ்க்கை வரலாறு படிக்க எளிது, ஓட்டுக் கேட்கக் கூனிக்குறுகாத வீரனின் கதை என்பதால் தலைப்புக்கும் பொருத்தம். ஆனால் சம்பவம் நடந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கு ஏறக்குறைய அறுநூறு ஆண்டு கழித்து எழுதப்பட்டது. ஷேக்ஸ்பியர் நாடகம் தெரிந்தவர்கள் பக்கத்தில் வைத்துப் படித்தால் ருசி கூடும். புளூட்டார்க்கில் அவன் வழக்கப்படி மக்களுக்குத் தன் தழும்புகளைக் காட்டுகிறான், ஷேக்ஸ்பியரில் காட்ட மறுக்கிறான்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | மிட்டிலினி விவாதம் | ஃபிலொக்டீட்டிஸ் | ஹெக்யூபா |
|---|---|---|---|
| நீளம் | 15 சிறு அத்தியாயங்கள் | 1,471 அடிகள் | 1,295 அடிகள் |
| நேரம் | ஒரு மாலையில் பாதி | ஒரு மாலை | ஒரு மாலை |
| முன்னறிவு | போரின் பின்னணி ஒரு பக்கம் | டிராய் கதை கொஞ்சம் | டிராய் கதை நன்றாக |
| பேச்சு என்ன செய்கிறது | பாதி காப்பாற்றுகிறது | பொய்யாக வெல்கிறது, உண்மையாகத் தோற்கிறது | நியாயத்துக்குத் தோற்கிறது, பழிக்கு உதவுகிறது |
| தோற்றவர் குரல் | இல்லை | உண்டு | முழுக்க முழுக்க |
| வாய்விட்டுப் படிக்க | இரண்டு பேர் போதும் | மூன்று பேர் | ஐந்தாறு பேர் |
| எங்கே கஷ்டம் | நீண்ட வாக்கியங்கள் | முடிவு | மனபாரம் |

## யாருக்கு எது

தேர்தல், சட்டமன்றம், தொழிற்சங்கம் என்று கூட்டத்தில் பேசிப் பழகியவர்கள் யோசிக்காமல் துசிடிடீஸை எடுக்கலாம். ஓட்டெடுப்புக்கு முந்தைய அரைமணி நேரத்தில் ஒரு கூட்டத்தின் மனம் எப்படித் திரும்பும் என்பதை அவரளவுக்கு நெருங்கிப் பார்த்தவர் இல்லை. ஆங்கில மொழிபெயர்ப்பில் க்ராலியின் 1874 பதிப்பு இணையத்தில் இலவசம், வாக்கியம் மட்டும் நீளம். அதையே வரைபடங்களோடும் ஓரக்குறிப்புகளோடும் தரும் ‘லேண்ட்மார்க்’ பதிப்பு விலை கூடினாலும் முழுநூலையும் படிக்க நினைப்பவர்களுக்கு வசதி. தத்துவவாதி ஹாப்ஸின் 1629 மொழிபெயர்ப்பு பெயருக்காக வாங்கப்படுகிறது, முதல் வாசிப்புக்கு ஆகாது.

கல்லூரி மாணவர்கள், புதிதாக வேலைக்குச் சேர்ந்து மேலிடம் சொல்வதற்கும் மனசாட்சிக்கும் நடுவில் நிற்பவர்கள், ஃபிலொக்டீட்டிஸ் படிக்கலாம். நியோப்டோலமஸின் சங்கடம் அவர்களுக்கு விளக்கம் இல்லாமலே புரியும். போர் பார்த்தவர்கள், இடம்பெயர்ந்தவர்கள், அல்லது அவர்களோடு வாழ்கிறவர்கள் இருக்கும் வட்டத்தில் ‘ஹெக்யூபா’ ஆழமாக இறங்கும். அதனாலேயே முன்கூட்டிச் சொல்லி, அவர்கள் சம்மதத்தோடு தொடங்குங்கள்.

நேரம் கொஞ்சம், ஒன்றுதான் முடியும் என்றால் மிட்டிலினி. இரண்டு முடியும் என்றால் மிட்டிலினியும் ‘ஹெக்யூபா’வும், அந்த வரிசையிலேயே. சபை எதை விலையாக வைத்துப் பேசியது என்பது அப்போதுதான் முகத்தோடு தெரியும். மூன்றாவதாக ஃபிலொக்டீட்டிஸ், அதற்குப் பிறகு மெலோஸ். வட்டமாகப் படிப்பவர்கள் ஒன்று செய்யுங்கள். கிளியோனின் உரையைக் குழுவிலேயே மென்மையானவர் வாசிக்கட்டும், டையோடோட்டஸை வாதத்தில் விட்டுக்கொடுக்காதவர் வாசிக்கட்டும். இரண்டு உரையும் முடிந்தவுடன் பேசத் தொடங்காமல் முதலில் கையைத் தூக்கி ஓட்டெடுங்கள். எண்ணிக்கையைக் குறித்துவைத்துக்கொண்டு, 49-ஆம், 50-ஆம் அத்தியாயங்களை அதற்கப்புறம் திறங்கள்.